ஒரே ஓரத்தில் பிளந்த எருக்கங்காய்: கையால் செய்த செராமிக் சிற்பம், என் மதிப்பீடு

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிற்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். முற்றிக் காய்ந்து வெடிக்கத் தொடங்கிய ஒரு எருக்கங்காய், மேசைமேல் படுத்த வாக்கில் இருக்கிறது. நீளம் 34 செ.மீ., வயிறு பெருத்த இடத்தில் அகலம் 16 செ.மீ., எடை இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் களிமண்), வெளிப்பக்கம் சாம்பல் பூத்த பச்சையில் பளபளப்பு இல்லாத கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிப் படலமாகப் பிடித்துக்கொள்ளும் பூச்சு), உள்ளே கிளேஸ் பூசாத கரும்பழுப்பு விதைகள், அவற்றின் நுனியிலிருந்து வெள்ளைப் போர்சலினில், அதாவது பீங்கான் மண்ணில், இழை இழையாகப் பஞ்சு. அச்சில் வார்த்தது இல்லை, முழுக்கக் கையால் கட்டியது. செய்தவர் சின்னச் சூளை ஒன்றை வைத்துக்கொண்டு தனியாளாக வேலை செய்கிறவர். காய், விதை, மொட்டு, சிப்பி, பவளம் என்று இயற்கை வடிவங்களை மட்டுமே செய்கிறார்.

இந்த வகைச் சிற்பங்களை நிறையப் பேர் செய்கிறார்கள், பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. காரணம் கைத்திறன் குறைவு என்பதல்ல. ஒரு காய் எப்படி வளர்கிறது, எங்கே பெருக்கிறது, எங்கே பலவீனமாகி விரிசல் விடுகிறது என்பதைப் பார்க்காமல் அதன் மேல்தோலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இலை வேண்டுமென்றால் மண் பலகையின்மேல் நிஜ இலையை வைத்து உருட்டி நரம்பு பதிய எடுத்து விளிம்பை வெட்டிவிடுகிறார்கள். நரம்பு என்னவோ அச்சு அசலாக விழுந்திருக்கும், ஆனால் இலை தட்டையாகச் செத்துக் கிடக்கும், ஏனென்றால் உயிரோடு இருக்கும் இலையில் நடுநரம்புதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, பரப்பு அதிலிருந்து இரண்டு பக்கமும் எழுந்து வளைந்துதான் நிற்கும். இந்த எருக்கங்காயைச் செய்தவர் காயைப் படித்திருக்கிறார். அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிளவைச் சொல்ல வேண்டும். அவரை, பட்டாணி இனத்துக் காய்கள் காய்ந்து வெடிக்கும்போது பெரும்பாலும் இரண்டு ஓரமும் பிரிந்து இரண்டு ஓடாக ஆகிவிடும். எருக்கங்காய் அப்படி இல்லை, ஒரே ஒரு ஓரத்தில்தான் பிளக்கும், மறுபக்கம் முதுகு அப்படியே முழுசாக இருக்கும். விதைப்பை என்ற பெயரில் நான் பார்த்த செராமிக் வேலைகளில் பாதிக்குமேல் நடுவில் கத்தியால் கீறித் திறந்தவை, திறப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற கேள்வியே செய்தவருக்கு எழவில்லை என்பது தெரியும். இதில் பிளவு வயிற்றுப்பக்கமாக, காம்பிலிருந்து நுனிவரை ஓடும் அந்த ஒற்றைக் கோட்டில் சரியாக வருகிறது. அதுவும் முழுக்கத் திறக்கவில்லை. காம்புப் பக்கம் இன்னும் மூடியிருக்கிறது, மெல்லிய பள்ளமாக அந்தக் கோடு தெரிகிறது, ஒரு உள்ளங்கை நீளம் போனபின் விலகத் தொடங்கி, நுனிப்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விரிகிறது. அடுத்து எங்கே கிழியும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. அசையாத பொருளில் இந்த அசைவைக் கொண்டுவந்ததுதான் இந்தச் சிற்பத்தின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

பிளவின் உதடுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு உதடும் ஒரே மாதிரி சுருளவில்லை, ஒன்று வெளிப்பக்கமாக நன்றாக மடங்கியிருக்கிறது, மற்றது இன்னும் விறைப்பாக நிற்கிறது. ஓரத்தில் தடிமன் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, உள்ளே போகப் போக எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் ஆகிறது. காய்ந்த காயில் தோல் ஓரத்தில் மெலிந்து முறுகுவது இப்படித்தான். இங்கே மண்ணும் காயும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டுமே ஈரம் போகப் போகச் சுருங்குகிறவை, மெல்லிய இடம் முதலில் காய்கிறது, முதலில் காய்ந்த இடம் முதலில் வளைகிறது. அந்த வளைவை விரலால் மட்டும் செய்யவில்லை, உதட்டோரத்தை மூடாமல் விட்டு, மற்ற இடத்தை பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, ஓரம் தானாகவே கொஞ்சம் இழுத்துக்கொள்ள விட்டேன் என்று செய்தவர் சொன்னார். இதில் ஆபத்து அதிகம். ஓரம் வேகமாகக் காய்ந்து உள்பக்கம் ஈரமாகவே இருந்தால் விரிசல் விழும். விழாமல் நிறுத்துவதுதான் பதம் தெரிந்த கை.

உள்ளே விதைகள். எருக்கம் விதைகள் காய்க்குள் தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி, கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், பஞ்சு முழுக்க ஒரே திசையில் படிந்திருக்கும். வெடித்துக் காற்றுப் பட்டபின்தான் அந்தப் பஞ்சு உப்பிப் பறக்கத் தயாராகும். சிற்பத்தில் வருவது அந்தக் கணத்துக்குச் சற்று முந்தைய நிலை. விதைகள் ஒவ்வொன்றும் தனியாக உருட்டி, தட்டி, விளிம்பை மெல்லிசாக்கி ஒட்டியவை. இரண்டு முனைகளிலும் விதை சிறுத்து, நடுவில் பெரிதாகி, அடுக்கின் கோடு காயின் வளைவோடு சேர்ந்து வளைகிறது. ஒரு இடத்தில் விதை ஒன்று இடம்பெயர்ந்து சாய்ந்து நிற்கிறது, அதற்குக் கீழே உள்ளது அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. இது தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் இடம் சரியாக இருக்கிறது, பார்வை அங்கேதான் போய் நிற்கிறது.

பஞ்சு விஷயத்தில்தான் செராமிக் வேலைக்காரர்கள் தடுமாறுவார்கள். மண்ணால் மயிரிழை செய்ய முடியாது. ஒரு பழைய உத்தி உண்டு: ஜெர்மனியில் டிரெஸ்டன் பொம்மைகளுக்குச் செய்த மாதிரி நிஜ சரிகைத் துணியைப் போர்சலின் குழம்பில் தோய்த்துப் பொம்மைக்கு உடுத்திச் சூளையில் வைத்தால், நூல் எரிந்து போய்விடும், அதன் மேல் படிந்த மெல்லிய மண் கூடு மட்டும் சரிகையாக நிற்கும். பஞ்சையும் அப்படித் தோய்த்துச் சுட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது விரல் பட்டால் உதிரும் பொருள், வீட்டில் வைத்துப் புழங்க முடியாது. இவர் அந்த வழிக்கே போகவில்லை. போர்சலின் குழம்பை மெல்லிய தூரிகையால் இழை இழையாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படலம் இழுத்திருக்கிறார். பஞ்சைக் காட்டவில்லை, பஞ்சு படிந்திருக்கும் திசையைக் காட்டுகிறார். பக்கவாட்டு வெளிச்சம் படும்போது அந்த வெள்ளை வரிகளில் பட்டின் மினுமினுப்பு வருகிறது, நேர் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள்தான். ஆக இதை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரோரம் வையுங்கள்.

இந்தப் பஞ்சுப் பகுதியில் ஒரு குறை இருக்கிறது. வெள்ளை இழைகள் பழுப்பு மண்ணைத் தொடும் இடத்தில், உன்னிப்பாகப் பார்த்தால், மயிரிழை விரிசல்கள் இரண்டு மூன்று தெரிகின்றன. இது வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஸ்டோன்வேர் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடிக்கும்வரை மொத்தமாகப் பத்திலிருந்து பதின்மூன்று சதவீதம் வரை சுருங்கும், போர்சலின் பொதுவாக அதைவிடக் கூடுதலாகச் சுருங்கும், இரண்டையும் ஒரே உடம்பில் ஒட்டினால் ஒன்று மற்றதை இழுக்கும். குழம்பில் காகிதக் கூழைக் கலந்தால் அந்த இழுவை குறையும். நார்கள் காயும்வரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்து சூளையில் எரிந்துவிடும். இவரும் கலந்திருக்கிறார், இருந்தாலும் முழுக்கத் தப்பவில்லை. விரிசல் மேல்படலத்தோடு நிற்கிறது, உடம்புக்குள் போகவில்லை. இதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

குறைத்தது கிளேஸுக்காக. பொதுவாகப் பார்த்தால் கிளேஸ் அருமையாக வந்திருக்கிறது. எருக்கின் மேல் இருக்கும் அந்தச் சாம்பல் படிந்த தன்மையைக் கொண்டுவர, அடியில் செம்பு ஆக்சைடு கலந்த பச்சை, அதன்மேல் வெள்ளையை மிக மெல்லிசாகத் தெளித்திருக்கிறார். முதுகுப்பக்கம் விரலால் துடைத்தால் சாம்பல் கையோடு வந்துவிடும் என்று தோன்றும் அளவுக்கு அது இயல்பாக இருக்கிறது. ஆனால் மடங்கிய உதட்டின் அடிப்பக்கத்தில் கிளேஸ் வழிந்து தேங்கிவிட்டது. அந்த இடம் மட்டும் தடித்து, பளபளத்து, கண்ணாடித் துளியாக நிற்கிறது. உதட்டின் உள்பக்கத்தில் அவர் அவ்வளவு பொறுமையாகக் கீறிய நார்க்கோடுகள் அங்கே மூழ்கிவிட்டன. மேலிருந்து பார்த்தால் தெரியாது, உட்கார்ந்து பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும். காய்ந்த காயின் ஓரத்தில் ஈரம் சொட்டுகிற தோற்றம் வருவது, சிற்பம் சொல்ல வருவதற்கு நேர் எதிரானது.

வழியும் கிளேஸ் தானாகவே குறை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஆக்ஸல் சால்டோ (1889–1961) செய்த ஸ்டோன்வேர் ஜாடிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், மொட்டு விடும், முளை கிளம்பும் உடம்புகள். அவற்றில் கனமான கிளேஸ் முளைகளின் நுனியிலிருந்து வழிந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கும், நுனி வெளிறும், பள்ளம் இருளும், அதனால் முளைப்பது இன்னும் வேகமாக முளைப்பதாகத் தெரியும். அங்கே வழிவது வடிவத்தின் பக்கம் நிற்கிறது. இங்கே அது வடிவத்தை மறைக்கிறது. உதட்டோரத்தில் கிளேஸை ஒரு பூச்சு குறைத்திருந்தாலோ, சூளைக்கு முன் ஈரப் பஞ்சால் துடைத்து விட்டிருந்தாலோ போதும். செய்தவரிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை, அடுத்ததில் அந்த ஓரத்தைக் கிளேஸ் இல்லாமலே விடப்போவதாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

எப்படிச் செய்தார் என்பதை நடுநடுவே படம் எடுத்து அனுப்பினார், அதனால் கொஞ்சம் விவரம் தெரியும். இரண்டு கிண்ணங்களைக் கையால் கிள்ளிக் கிள்ளி உயர்த்தி, வாயோடு வாய் ஒட்டி, ஒரு மூடிய முட்டையாக ஆக்கியிருக்கிறார். மூடிய உருண்டைக்குள் சிக்கிய காற்று வெளியே போக வழியில்லாமல் சுவரைத் தாங்கிப் பிடிக்கும், அதனால் மரக்கட்டையால் வெளியே தட்டித் தட்டி வடிவம் கொண்டுவரும்போது உள்ளே சரியாது. எருக்கங்காயின் அந்தக் காற்றடைத்த உப்பல் இவ்வளவு இயல்பாக வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும் என்று தோன்றுகிற முதுகு அது. மண் கொஞ்சம் இறுகி, ஆனால் இன்னும் வெட்ட வருகிற பதத்தில் ஓரத்தைக் கீறித் திறந்து, உள்ளே விதைப் படுக்கையைக் கட்டியிருக்கிறார். பச்சை மண்ணில் நீளம் 38, 39 செ.மீ. இருந்திருக்கும், இப்போது 34.

சூளை இரண்டு முறை. முதலில் 1000 டிகிரி செல்சியஸ் பக்கம், பிறகு கிளேஸோடு 1220. இந்த மாதிரி கனமும் மெல்லிசும் கலந்த உடம்பைச் சுடுவது லேசான காரியம் இல்லை. தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைத் தாண்டும்போது கனமான இடத்தில் ஈரம் மிச்சம் இருந்தால் ஆவி வெடித்துத் துண்டாக்கிவிடும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென்று அளவு மாறும், ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். மூன்று மில்லிமீட்டர் உதடு சட்டென்று குளிர்ந்து, ஒன்பது மில்லிமீட்டர் வயிறு இன்னும் சூடாக இருந்தால் நடுவில் பிளந்துவிடும். இதனால்தான் சூளையை அணைத்தபின்னும் திறக்காமல் காத்திருக்கிறார்கள், ஆர்டர் கொடுத்தால் ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே. சொன்ன தேதியைத் தாண்டித்தான் எனக்கு வந்தது, ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிவித்தார், காரணத்தையும் சொன்னார்: முதலில் செய்தது சூளையில் முதுகில் விரிந்துவிட்டது, ஒட்டிக் கொடுக்க மனமில்லை, புதிதாகவே செய்தேன் என்றார்.

இந்த ஒட்டுகிற விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சூளையில் விரிந்ததை எபாக்சி பசை வைத்து ஒட்டி, அக்ரிலிக் பெயின்ட் அடித்து மறைத்து விற்பது இந்தத் தொழிலில் நடக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறில்லை, பல சிற்பிகள் வெளிப்படையாகவே அப்படிச் செய்கிறார்கள். சொல்லாமல் விற்கும்போதுதான் பிரச்சினை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெயின்ட் அடித்த இடத்தின் பளபளப்பு கிளேஸின் பளபளப்போடு ஒத்துப்போகாது. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம், விரிசல் இல்லாத, நன்றாக வெந்த உடம்பு கணீரென்று சொல்லும், விரிசலோ ஒட்டோ இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். இந்தக் காயைத் தட்டினால் ஒலி நீளமாக ஓடவில்லை, உள்ளே விதைப் படுக்கை இருப்பதால் சீக்கிரம் அடங்குகிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு இன்னொன்றையும் சொல்கிறேன். முன்பு வேறொரு விற்பனையாளரிடமிருந்து கடல் முள்ளெலி ஓடு ஒன்று வாங்கினேன், முழுக்கக் கைவேலை என்று எழுதியிருந்தது. வந்ததைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் சுற்றிலும் ஓடும் மெல்லிய தழும்பு, இரண்டு பாதி அச்சு சேரும் கோடு அது, தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமன், அச்சில் குழம்பை ஊற்றி வடித்தால் அப்படித்தான் வரும். மேலே உள்ள குமிழ்களில் ஒரே சிறு பழுது ஒவ்வொரு பிரிவிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ஆறு பிரிவுகள்! கடல் முள்ளெலியின் ஓடு ஐந்து ஐந்தாகத்தான் பிரியும், நட்சத்திர மீனின் உறவுக்காரன் அது, அந்த ஐந்தில்தான் அதன் அழகே இருக்கிறது. ஆறாகப் பிரித்தால் வடிவம் சமச்சீராகி அலங்காரப் பூவாக மாறிவிடுகிறது. அச்சில் வார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, அது தனிக் கலை. கைவேலை என்று சொல்லி விற்றதும், கடல் முள்ளெலியைப் பார்க்காமலே கடல் முள்ளெலி செய்ததும்தான் எனக்கு வருத்தம்.

இயற்கையை அப்படியே அச்செடுப்பது மட்டம், புரிந்துகொண்டு செய்வது உசத்தி என்று கோடு போட்டுவிடவும் முடியாது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் பெர்னார் பாலிசி என்ற மண்பாண்டக் கலைஞர், பாம்பு, தவளை, மீன், சிப்பி, இலை எல்லாவற்றையும் நிஜ உடம்பிலிருந்தே அச்செடுத்துப் பெரிய தட்டுகளில் பொருத்தினார். ஒவ்வொரு செதிலும் நகல்தான். ஆனால் அந்தத் தட்டில் எது எங்கே ஊர்கிறது, எது எதன் அடியில் பதுங்குகிறது என்பதை வைத்தது பாலிசியின் கண், அதனால் அது குளக்கரையாகவே தெரிகிறது. இந்தக் காலத்தில் கோர்ட்னி மாட்டிசன் பவளத்திட்டுகளைச் சுவரளவு செராமிக்காகக் கையாலேயே கட்டுகிறார், நிறம் இருக்கும் பவளம் வெளிறிச் சாகும் பவளத்தோடு அருகருகே வரும். பவளத்தின் எலும்புக்கூடும் கிளேஸில் சேர்க்கும் சுண்ணாம்பும் ஒரே கால்சியம் கார்பனேட் என்பது கூடுதல் பொருத்தம். இருவர் வழியும் வேறு, இருவரும் உயிரினத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள்.

சரி, வீட்டில் வைத்துப் புழங்குவதைப் பற்றி. காய் மேசையைத் தொடுவது மூன்றே புள்ளிகளில், வயிற்றில் இரண்டு, காம்படியில் ஒன்று. ஆடவில்லை, விரலால் தள்ளினாலும் உருளவில்லை, எடையைக் கீழ்ப்பக்கம் நன்றாகவே வைத்திருக்கிறார். அடிப்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார், மேசையைக் கீறாது, இருந்தாலும் நான் மூன்று இடத்திலும் சிறு ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கிறேன். அடியில் ஊசித்துளை ஒன்று உண்டு, அது காற்று போக விட்டது, பழுது இல்லை. கையெழுத்து அதற்குப் பக்கத்தில், கீறலாக.

தூசிதான் பெரிய வேலை. விதைகளுக்கு இடையில் தூசி போய் உட்கார்ந்துகொள்கிறது, துணியால் துடைத்தால் இழைகளில் மாட்டும். மெல்லிய ஓவியத் தூரிகையும் கையால் அமுக்கும் ரப்பர் ஊதியும் வைத்துக்கொண்டால் போதும். கிளேஸ் இல்லாத விதைகளைக் கையால் அடிக்கடி தொட வேண்டாம், கை எண்ணெய் படிந்து நாளடைவில் அங்கங்கே கறுக்கும், முக்கியமாக அந்த வெள்ளை இழைகளில். வெயில் பட்டால் நிறம் மங்குமா என்று சிலர் கேட்பார்கள், மங்காது, 1220 டிகிரியைப் பார்த்த உலோக ஆக்சைடு ஜன்னல் வெயிலுக்கு அசையாது. மழையில் வெளியே வைக்கலாமா என்றால், நன்றாக வெந்த ஸ்டோன்வேர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, குறைந்த சூட்டில் சுட்ட செம்மண் சிற்பம்தான் உறிஞ்சும், உறைபனி விழும் இடத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து அதைப் பிளக்கும். இந்தக் காயை வெளியே வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீருக்குப் பயந்து இல்லை, பிளவுக்குள் நீர் தேங்கிப் பாசி பிடித்தால் அந்த இழைகளைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

பேக்கிங் பற்றித் தனியாகப் பாராட்ட வேண்டும். பிளவுக்குள் மெல்லிய காகிதத்தைத் தளர்வாக நிரப்பி, உதடுகளைச் சுற்றிப் பஞ்சு வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்பியிருந்தார், இடையில் நான்கு விரல் அளவுக்கு மெத்தை. மேலே கையால் எழுதிய குறிப்பு: காயை உதட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள், உள்ளே இருக்கும் காகிதத்தை இழுக்காமல் நேராக மேலே எடுங்கள். குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீட்டில் உயரமான, சுவரோடு ஒட்டிய அலமாரியில் வையுங்கள், அந்த மூன்று மில்லிமீட்டர் உதடு ஒரு இடியைத் தாங்காது.

யாருக்கு இது ஒத்து வராது என்றால், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் ஒரு பொருள் வேண்டும் என்கிறவர்களுக்கு. அறையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரு பச்சை உருண்டை, அவ்வளவுதான். கிட்டே வந்து குனிந்து பார்க்கிறவருக்குத்தான் விதையும் இழையும் தெரியும். படத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடிய இடமும் இது: கிட்டப் போய் எடுத்த படங்களில் பொருள் பெரிதாகத் தெரிகிறது, அளவை ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். உதட்டின் அடிப்பக்கத்தைக் கிளேஸ் இல்லாமல் விடச் சொல்லுங்கள், இப்போது அவரே அப்படித்தான் செய்கிறார் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. அனுப்புவதற்கு முன் அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மேலிருந்து எடுத்த படத்தில் கிளேஸ் தேங்கியது தெரியாது. இன்னும் வெடிக்காத மூடிய நிலையிலும் இதே காயைச் செய்கிறார், விலையில் குறைவு, தூசிப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதில் பிளவு இல்லை, எனவே இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெடித்ததையே வாங்குங்கள்.